20 அடி அகல மனையில் வீடு: நாடா பிடிப்பதில் தொடங்கி சுண்ணாம்புக் கோடு போடுவது வரை

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கம் இன்றைக்குச் சம்பளக்காரர் கைக்கு எட்டுகிற மனை பெரும்பாலும் 20-க்கு 60தான். 1,200 சதுர அடி, கணக்குக்கு 2¾ சென்ட். அண்ணன் தம்பி பாகம் பிரித்த இடமாக இருந்தால் 18, 15 என்று இன்னும் ஒடுங்கிவிடும்.

பிளான் போட வருகிறவர்கள் எல்லோரும் ஒரு காகிதம் கொண்டுவருகிறார்கள். அதில் ஹால், ரெண்டு பெட்ரூம், சமையலறை, பூஜை அறை எல்லாம் இருக்கும். வெளிச்சம் எந்த வழியாக வரும், படி எங்கே ஏறும், செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்டால், “அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க” என்பார்கள். 40 அடி அகல மனையில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 20 அடியில் அந்த ‘அப்புறம்’ வரும்போது இடம் மிச்சம் இருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் அறைகள் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும்.

உதாரணத்துக்குக் கிழக்குப் பார்த்த 20 × 60 மனை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கிழக்கே ரோடு, மேற்கே முடிவு.

1. பென்சில் எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்திரம், பட்டா, புலப்பட நகல் (சர்வே அளவு வரைபடம்), மனை அங்கீகார வரைபடம், வில்லங்கச் சான்று. இந்த ஐந்தும் ஒரே அளவைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். பத்திரத்தில் 20 அடி, புலப்படத்தில் வேறு அளவு என்றால் அதைச் சரிசெய்த பிறகே பிளான். பெரிய மனையில் அரை அடி போனால் தோட்டம் குறையும். இங்கே அரை அடி போனால் ஒரு நடைபாதை போய்விடும்.

பக்கத்து மனைகளின் நிலவரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். வீடு இருக்கிறதா, எல்லையில் சுவர் வைத்துவிட்டார்களா, சன்னல் எந்தப் பக்கம், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம். தயங்காமல் நேரில் போய்க் கேளுங்கள். நாளைக்கு நீங்கள் தோண்டும்போது அவர்கள் சுவர்தான் முதலில் ஆடும்.

2. மூன்று இடத்தில் அகலம் பிடியுங்கள்

முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்தில் அகலம் எடுக்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டு. இரண்டு குறுக்களவும் சமமாக இல்லை என்றால் மனை சரியான செவ்வகம் இல்லை என்று அர்த்தம்.

பழைய தோட்டத்தைப் பிரித்துப் போட்ட மனைகளில் பின்பக்கம் நான்கைந்து அங்குலம் ஒடுங்கியிருப்பது சாதாரணம். மூன்றில் குறைந்த அளவைத்தான் பிளானுக்கு எடுக்க வேண்டும். முன்பக்கத்து 20 அடியை நம்பி வரைந்தால், பின்பக்கத் தூண் பக்கத்து மனைக்குள் நிற்கும்.

3. 20 அடி எவ்வளவு ஆகிறது என்று கழித்துப் பாருங்கள்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல்தான் எந்தப் பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்று இருக்கிறது. மனையின் அகலம், ரோட்டின் அகலம், கட்டடத்தின் உயரம் பொறுத்து இது மாறும். ஒரு பக்கம் விட்டால் போதுமா, இரண்டு பக்கமும் விட வேண்டுமா என்பதை உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் மனையின் அளவைக் காட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் பிளானில் காட்டியது ஒன்று, கட்டியது ஒன்றாக இருக்கலாம்.

வடக்குப் பக்கம் மட்டும் 1 மீட்டர் சந்து விட்டு, தெற்கே எல்லையை ஒட்டிச் சுவர் எழுப்புவதாக வைத்துக்கொள்வோம். 3 அடி 4 அங்குலம் போகிறது. மிச்சம் 16 அடி 8 அங்குலம். இரண்டு வெளிச்சுவரும் 9 அங்குலம் என்றால் ஒன்றரை அடி போச்சு. பூச்சு, எல்லைக்கோட்டில் விடும் 2 அங்குல இடைவெளி எல்லாம் சேர்த்து இன்னொரு 4 அங்குலம். உள்ளே கையில் நிற்பது 14 அடி 10 அங்குலம்.

இந்த எண்ணைக் காகிதத்தின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். அருகருகே ரெண்டு பெட்ரூம் கேட்பவருக்கு இதுதான் பதில். நடுச்சுவர் போக ஆளுக்கு 7 அடிச் சொச்சம்தான் வரும். கட்டில் போட்டால் கதவு திறக்காது.

4. காற்று, வெயில், பெரியவர்கள்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பல்லடம், உடுமலை வழியாகப் போனால் காற்றாலைகளே சொல்லும். அந்த நாட்களில் மேற்கிலிருந்து வருகிற காற்றை வீட்டுக்குள் விட்டுக் கிழக்கே வெளியேற்ற வேண்டும். கிழக்குப் பார்த்த நீள மனைக்கு இது வரம். பின்பக்கச் சன்னலில் நுழைந்த காற்று வாசல் வரை ஓடும், குறுக்கே நீங்கள் சுவரை எழுப்பாமல் இருந்தால்.

வடக்கு, தெற்குப் பார்த்த மனை என்றால் நீளச்சுவர்கள் கிழக்கும் மேற்குமாக வரும். அங்கே சந்து மேற்கில் வரும்படி விட்டு அந்தப் பக்கம் சன்னல் வைப்பதே என் பழக்கம். மாலை வெயிலை இரண்டு அடி சன்ஷேடும், நாளை எழும்பப்போகும் பக்கத்து வீடும் பார்த்துக்கொள்ளும். காற்றை வேறு எதுவும் கொண்டுவராது.

இதே நேரத்தில் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து மனையடி, வாஸ்து இரண்டையும் கேட்டுவிடுங்கள். கடைசியில் கேட்டால் முழுப் பிளானும் கிழியும். மனையடியில் அறையளவு 6, 8, 10, 11, 16, 17 அடி நல்லது என்பார்கள். 14, 15 ஆகாது என்பார்கள். நம் கையில் இருப்பதோ 14 அடி 10 அங்குலம். ஆனால் அதை 11 அடி அறையும் 3 அடி 4 அங்குல நடையுமாகப் பிரித்தால் (நடுவில் நாலரை அங்குலச் சுவர்) அவர்களுக்கும் நிறைவு, எனக்கும் வேலை எளிது.

அக்னி மூலை இன்னொரு சிக்கல். கிழக்குப் பார்த்த ஒடுக்கமான மனையில் தென்கிழக்கு மூலை கார் நிற்கும் இடத்தில் வந்துவிடும். சமையலறையை அங்கே கொண்டுபோனால் வாசலே சமையலறை ஆகும். அறை எங்கே இருந்தாலும் அதற்குள் தென்கிழக்கில் மேடை, கிழக்குப் பார்த்து அடுப்பு என்று சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொண்டதை அன்றைக்கே பிளானில் எழுதிவிடுங்கள்.

5. முதலில் வரைய வேண்டியது வெட்டவெளி

எல்லைச்சுவரில் சன்னல் கிடையாது. இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பக்கத்து மனை இன்றைக்குக் காலியாக இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கம் சன்னல் வைத்து ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் வரைந்த ஒரு வீடு இப்போதும் உறுத்துகிறது. வீட்டுக்காரர் கேட்டார் என்று தெற்கே காலி மனையைப் பார்த்து சமையலறைச் சன்னல் வைத்தேன். மூன்றாம் வருடம் அங்கே ரெண்டு மாடி எழும்பியது. போய்ப் பார்த்தபோது பகல் பதினொரு மணிக்கு அந்த அம்மா லைட் போட்டு அரிசி களைந்துகொண்டிருந்தார். சன்னலைத் திறந்து காட்டினார். கையை நீட்டினால் முழங்கை மடங்கும் தூரத்தில் ஹாலோ பிளாக் சுவர். “பகல் எது ராத்திரி எதுன்னே தெரியலீங்க” என்றார். அந்தத் தப்பு என்னுடையது. வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் எந்த அறையும் வரைவதற்கு முன்னால், வீட்டின் நடுவில் வானம் தெரிகிற 6-க்கு 6 சதுரம் ஒன்றைப் போடுங்கள். நம் பழைய தொட்டிக்கட்டு வீட்டில் நடுவாசல் செய்த வேலையை இது செய்யும். ஹாலின் பின்சுவரும் சமையலறையின் முன்சுவரும் இதைத் தொட வேண்டும். அப்போதுதான் ஒரே வெட்டவெளி இரண்டு அறைக்கும் நடைக்கும் வெளிச்சம் தரும்.

இதில் மூன்று தவறுகள் நடக்கின்றன. 4-க்கு 3 என்று சுருக்கிவிடுவது முதலாவது. மாடி ஏறிய பிறகு அது கிணறு மாதிரி இருண்டுவிடும். இரண்டாவது, மழைக்குப் பயந்து மேலே ஷீட் போட்டு நான்கு பக்கமும் அடைப்பது. ஷீட்டைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒன்றரை அடி தூக்கி, சாரல் வரும் மேற்குப் பக்கத்தை மட்டும் மூடி, கிழக்கைத் திறந்து விடுங்கள். மேற்குச் சாரல் உள்ளே வராது, சூடான காற்று அந்த வழியாக வெளியேறும். மூன்றாவது, தரையில் தண்ணீர் போக வழி வைக்காதது. 4 அங்குலக் குழாய், நல்ல வாட்டம், தரைமட்டம் வீட்டைவிட 2 அங்குலம் இறக்கம். இந்த மூன்றும் கான்கிரீட்டுக்கு முன்பே முடிவாக வேண்டும்.

6. இரண்டாவதாகப் படி

படி என்பது ஒரு அறை. இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் கடைசியில் 9 அங்குல உயரப் படி வைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம் என்றால், 7 அங்குல உயரத்தில் 18 ஏற்றம் வரும். மிதிப்பது 17, ஒவ்வொன்றும் 10 அங்குலம். நேராகப் போட்டால் 14 அடி 2 அங்குல நீளம். அகலம் 3 அடி. நாம் பிரித்து வைத்த 3 அடி 4 அங்குல நடைக்குள் இது அடங்கிவிடும்.

தெற்கு எல்லைச்சுவரை ஒட்டி இந்தப் படியைப் போடுங்கள். அந்தச் சுவரில் சன்னல் இல்லை, படிக்குச் சன்னல் தேவையும் இல்லை. சந்துப் பக்கத்து வெளிச்சத்தைப் படிக்குக் கொடுப்பது வீண். கார் நிற்கும் இடத்திலேயே மூன்றடிக்குப் படி தொடங்கி, ஹாலை ஒட்டி 11 அடி ஏறி, வெட்டவெளியை ஒட்டிய நடைக்கு மேலே போய் முடியட்டும். இப்படிப் போட்டால் மாடியைத் தனியாக வாடகைக்கு விடலாம். திருப்பூரில் கடன் கட்டுவது பலருக்கு அந்த வாடகைதான்.

திருப்பம் உள்ள படி வேண்டும் என்றால், ஏறும் இறங்கும் அகலம் சேர்த்து 6 அடி 3 அங்குலமும், 9 அடி 8 அங்குல நீளமும் கேட்கும். அந்தத் திருப்பத்தில் கட்டில் திரும்புமா என்று கணக்குப் பாருங்கள். பெண் வீட்டுச் சீராக வந்த தேக்குக் கட்டிலும் பீரோவும் படியில் திரும்பாமல், கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றியதை நான் இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

7. தண்ணீரும் கழிவும்

நம் ஊரில் ஒரு வீட்டுக்கு இரண்டு தண்ணீர். குழாயில் வரும் நல்ல தண்ணி, போர்வெல்லில் வரும் உப்புத்தண்ணி. வெளியூர் பிளானைப் பார்த்து வரைபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தொட்டி இரண்டு, மேலே டேங்க் இரண்டு, சமையலறைக்குக் குழாய் இரண்டு என்று முதலிலேயே காட்டுங்கள். 6 × 7 அடி, 5 அடி ஆழத் தொட்டியில் ஏறக்குறைய 6,000 லிட்டர் நிற்கும். நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வடகிழக்கில், கார் நிற்கும் இடத்துக்குக் கீழே வைத்தால் வாஸ்துவுக்கும் ஒத்துவரும். மூடி மட்டும் டயர் ஏறும் தடத்தில் வரக்கூடாது.

போர் போடுவது அஸ்திவாரத்துக்கு முன்னால். நம் பக்கம் பல ஊரில் ஆயிரம் அடி போகிறது. அந்த லாரி 20 அடி மனையில் வீடு எழும்பிய பிறகு உள்ளே வர முடியாது. போருக்கு மேலே கூரையோ போர்டிகோவோ வேண்டாம். மோட்டார் பழுதானால் பைப்பை நேராக மேலே இழுக்க வானம் திறந்திருக்க வேண்டும்.

செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க்கோடியில், பின்பக்கம். அதை உறிஞ்ச வரும் லாரியின் குழாய் சந்து வழியாகப் போகும். அந்தச் சந்தில் படிக்கட்டு, துவைக்கிற கல், ஏசி யூனிட் என்று அடைத்துவிட்டால் குழாய் ஹால் வழியாகத்தான் வரும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பொடக்காலி என்று பின்னால் 4 அடியாவது விடுங்கள். துணி துவைக்க, பாத்திரம் கவிழ்க்க, மேற்குக் காற்று நுழைய. முருங்கை நட ஆசையாக இருக்கும். செப்டிக் டேங்க் பக்கத்தில் வேண்டாம், வேர் உள்ளே போகும். பூந்தொட்டியில் கறிவேப்பிலை வளர்த்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயம். மாடித் தண்ணீர் முழுக்கச் சந்துப் பக்கம் இறங்கும்படி வாட்டம் கொடுங்கள். எல்லைச்சுவர்ப் பக்கம் ஒரு சொட்டு இறங்கினாலும் பக்கத்து வீட்டோடு சண்டை நிச்சயம்.

8. இப்போது அறைகள்

நீளத்தைப் பிரிப்போம். 60 அடியில் குறுக்குச் சுவர்களும் பூச்சும் ஏறக்குறைய 3 அடி எடுக்கும். முன்னால் காருக்கு 15, பின்னால் 4. மிச்சம் 38 அடி.

ஹால் 11, நடுப்பகுதி 6, சமையலும் சாப்பாடும் 10, படுக்கை 11. கூட்டினால் சரியாக 38. எல்லாமே மனையடிக்குள் வரும் எண்கள்.

நடுப்பகுதியில் வடக்கே சந்தை ஒட்டி நாலரை அடி அகலத்தில் குளியலறையும் கழிவறையும். அடுத்து 6 அடி வெட்டவெளி. அதையும் தாண்டி, தெற்குச் சுவரை ஒட்டி நடை. கழிவறைக் காற்றோட்டம் சந்துப் பக்கம்தான் இருக்க வேண்டும். வெட்டவெளிப் பக்கம் வைத்தால் நாற்றம் ஹாலுக்கு வரும்.

அறைகள் எல்லாம் வடக்கே சந்தைப் பார்க்க, நடையும் படியும் அலமாரியும் தெற்கே அடைத்த சுவரோடு போகட்டும். படுக்கையறைக்கு மேற்கிலும் ஒரு சன்னல். கதவும் சன்னலும் ஒரே நேர்கோட்டில் வந்தால் மேற்குக் காற்று படுக்கையறை, நடை, வெட்டவெளி, ஹால் என்று ஓடி வாசலில் இறங்கும்.

இரண்டாவது படுக்கையறை மாடிக்குப் போகட்டும். தரைத்தளத்திலேயே வேண்டும் என்று அடம்பிடித்தால் வெட்டவெளிதான் பலியாகும்.

பொருள் வைக்கும் இடத்தைப் பக்கவாட்டில் தேடாமல் உயரத்தில் தேடுங்கள். நடைக்கு மேலே 7 அடி உயரத்தில் அட்டாலி போட்டால் பண்டிகைப் பாத்திரம், கம்பளி, பழைய பெட்டி எல்லாம் ஏறிவிடும். படிக்குக் கீழே இன்வெர்ட்டர், செருப்பு அலமாரி.

15 அடி மனைக்கு இந்தப் பிளான் ஒத்துவராது. அதே முறையில் கழித்தால் உள்ளே 9 அடி 10 அங்குலம்தான். அங்கே நடை என்று தனியாக எதுவும் வேண்டாம். ஹால் வழியாகச் சமையலறை, படி வெளியே முன்பக்கம், படுக்கை முழுக்க மாடியில்.

9. எல்லைச்சுவரின் அஸ்திவாரம்

தூணுக்குக் கீழே பரப்பும் கான்கிரீட் வழக்கமாக நான்கு பக்கமும் சமமாக நீளும். எல்லையில் அப்படிப் போட முடியாது. பாதி பக்கத்து மனைக்குள் போய்விடும். அதனால் ஒரு பக்கமாகவே நீளும் அஸ்திவாரம் போட்டு, எதிர்த் தூணோடு பீம் வைத்துக் கட்ட வேண்டும். இல்லையென்றால் பாரம் ஏறியதும் அது சாயப் பார்க்கும். கம்பிக் கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும். மேஸ்திரி எவ்வளவு அனுபவசாலி ஆனாலும் கண்ணால் முடிவு செய்யும் விஷயம் இது இல்லை. கரிசல் மண் என்றால் மண் பரிசோதனையும் கட்டாயம். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண் அது.

தோண்டும்போது எல்லைப் பக்கத்தை முழு நீளத்துக்கும் ஒரே நாளில் திறக்காதீர்கள். ஒரு துண்டு தோண்டி, கான்கிரீட் போட்டு, அடுத்த துண்டைத் திறக்க வேண்டும். நான் மேற்பார்த்த ஒரு வேலையில் ஐப்பசியில் மொத்தமாகத் தோண்டிப் போட்டு, அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. விடிந்து போனால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு எங்கள் குழிக்குள் கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. புதிதாகக் கட்டிக் கொடுத்தோம்.

சுவர் எழும்பும்போதே எல்லைப் பக்கத்து வெளிப்பூச்சை முடித்துக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் வீடு வந்துவிட்டால் அந்தப் பக்கம் கரண்டி நுழையாது. இரண்டு வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கும் சில அங்குல இடைவெளியை உச்சியில் தகடு வைத்து மூட வேண்டும். ஓதம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் இறங்குகிறது.

10. கோடு போட்டு நடந்து பாருங்கள், பிறகு அனுமதிக்குக் கொடுங்கள்

2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். உங்கள் 1,200 சதுர அடி மனை இதற்குள் வரும். உடனே கிடைக்கிறது என்பதால் விதி தளர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது நீங்கள்.

அந்தக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வேலை. மனையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் கோடு போடுங்கள். சுவருக்கு இரட்டைக் கோடு. கதவு வரும் இடத்தில் கோட்டை விட்டுவிடுங்கள். கட்டில், சோபா, அடுப்பு மேடை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் உள்ளே வரையுங்கள். அரை நாள் வேலை, ஒரு மூட்டைச் சுண்ணாம்பு. வீட்டில் உள்ள எல்லோரையும், முக்கியமாகச் சமைப்பவரையும் வயதானவரையும் வரச்சொல்லி உள்ளே நடக்க விடுங்கள்.

போன மாதம் அவிநாசிப் பக்கம் ஒரு மனையில் இப்படிக் கோடு போட்டிருந்தோம். அந்த வீட்டு அம்மா சமையலறைக் கோட்டுக்குள் நின்று, குக்கரைத் தூக்கிப் பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு மேடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே திரும்பினார். “திரும்பறப்போ முழங்கை இடிக்குமுங்க” என்றார். காகிதத்தில் நான்கு தடவை பார்த்தும் எனக்குத் தெரியாதது அது. ஃபிரிட்ஜை நடைப்பக்கச் சுவருக்குள் குழி வைத்துத் தள்ளி, மேடையை 4 அங்குலம் குறைத்து, காலால் பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போட்டோம். மறுபடி திரும்பிப் பார்த்தார். தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அந்தப் பிளான் அனுமதிக்குப் போனது.